ஒரே குரலில் இரண்டு பயணிகள்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமான நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பெரியவள் மூன்று முறை படித்துவிட்டு மூடிவைத்ததோடு சென்ற வாரம் நின்றோம். புதன்கிழமை காலை அவளும் அம்மாவும் கிளம்ப வேண்டிய விமானம் வியாழக்கிழமை இரவுக்கு மாறியிருந்தது. காரணம் எதுவும் இல்லை. புதிய நேரத்தை ஏற்கலாம், வேறு விமானத்துக்கு மாறலாம், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று மூன்று வழிகள் மட்டும் இருந்தன.

வெளிநாட்டில் இருக்கும் தங்கை சின்னவளுக்கு வியாழக்கிழமை காலை இருதய அறுவை சிகிச்சை.

இன்று செவ்வாய். பெரியவள் விமான நிறுவனத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை.

பெரியவளின் வேலை, பிறருடைய காதுகளைச் சோதிப்பது. ஆஸ்பத்திரியின் கடைசி மாடியில், உட்சுவரெல்லாம் துளைத்துளையான பலகை ஒட்டிய ஒரு சின்னக் கூண்டு. நோயாளி அதற்குள் இருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள். ஹெட்போன் வழியாக மெல்லிய சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் அவர் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே ஒரு விளக்கு எரியும்.

சிலர், அவள் எதையும் அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். பதினாறு வருஷமாகப் பார்க்கிறாள். இருந்தும் அந்த விளக்கு அப்படித் தானாக எரியும்போதெல்லாம் பிடரியில் சில்லென்று ஏதோ ஊரும். இவருக்கு யார் அனுப்புகிறார்கள்?

பத்தரை மணிக்குத் தம்பி கூப்பிட்டான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் குரல் எப்போதும் ஏதோ ஒரு குழிக்குள்ளிருந்துதான் வரும்.

“அக்கா, பண்ணியா இல்லையா?”

“பேஷன்ட் இருக்காங்கடா.”

“ரெண்டு நாளா உனக்கு பேஷன்ட் இருக்காங்க. நான் பன்னெண்டாவது மாடிக்கும் பதிமூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டு உனக்கு போன் பண்றேன். நீ நாற்காலியில உட்கார்ந்துட்டு ஒரு போன் பண்ண மாட்டேங்கிற.”

“பண்றேன்.”

“வேணும்னே தள்ளிப்போடறியா?”

அவனுக்குப் பின்னால் இரும்புக் கயிறு எங்கோ நீளமாக முனகியது.

“அம்மா அவளைப் பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி. அப்புறம் பார்க்க முடியுமோ என்னவோ. இதுக்கு மேல என்னைப் பேச வைக்காதே.”

அவன் வைத்துவிட்டான்.

தள்ளிப்போட்டாள்தான். ஏன் என்பது தம்பிக்கும் தெரியும்.

அந்த வீட்டுப் பெண்கள் மூவருக்கும் ஒரே குரல். அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் குரல் அப்படியே இரண்டு பெண்களுக்கும் வந்தது. வீட்டுக்கு போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பதே “யார் பேசுறது?” என்றுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன சின்னவள், மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். அவள் மட்டும் ‘யார் பேசுறது’ என்று கேட்கவில்லை. “அம்மா, நான் வந்துடட்டுமா?” என்றாள். எடுத்தது பெரியவள். ‘நான் அக்கா’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். “எனக்கு நீ மகளே இல்லை. இனிமே இங்க போன் பண்ணாதே” என்று அம்மாவாகவே சொன்னாள். அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் போன பிறகு வீட்டில் ஓர் அமைதி வந்திருந்தது. அது பெரியவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதற்கு மேல் அவளால் தன்னிடமே காரணம் சொல்ல முடிந்ததில்லை.

மகள் தன்னை வெட்டிவிட்டாள் என்று அம்மா நினைத்தாள். அம்மா தன்னை வெட்டிவிட்டாள் என்று மகள் நினைத்திருப்பாள். நடுவில் உட்கார்ந்து இருவருக்காகவும் பெரியவள் வருத்தப்பட்டாள். அதுவும் பொய்யில்லை.

எட்டு மாசமாக அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. எதையும் நோட்டில் எழுதித்தான் காட்ட வேண்டும். சின்னவளின் கணவர் மூன்று வாரத்துக்கு முன் அனுப்பிய கடிதத்தையும் பெரியவள் அப்படித்தான் சொன்னாள்: ‘அவளுக்கு உடம்பு சரியில்லை. போய்ப் பார்க்கலாமா?’ அறுவை சிகிச்சை என்று எழுதவில்லை. அம்மா நோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு “சரி” என்றாள்.

அங்கே போனதும், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அந்த நோட்டோடு தான் உட்கார்ந்திருப்பது என்பதுதான் பெரியவளின் ஏற்பாடு. எதை எழுதுவது, எதை விடுவது என்பது தன் கையில் இருக்கும்.

விமானம் தள்ளிப்போனபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கணத்தைத்தான் இரண்டு நாளாக அவளால் மன்னிக்க முடியவில்லை.

பதினோரு மணிக்கு எண்களை அழுத்தினாள். இருபது நிமிஷ இசைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். புக்கிங் நம்பரைக் கேட்டாள். விசைகள் தட்டும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

“மேடம், நீங்க நேத்தே பேசிட்டீங்களே.”

“நானா?”

“காலைல ஒம்பது பத்துக்கு. புக்கிங்கை ரெண்டாப் பிரிக்கச் சொல்லியிருக்கீங்க. உங்க டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கேட்டிருக்கீங்க. அது போயிடுச்சு மேடம். இனி அந்த டிக்கெட்ல எதுவும் பண்ண முடியாது.”

“நான் பேசவே இல்லைங்க.”

“பதிவுல இருக்கிற வீட்டு நம்பர்லேர்ந்துதான் கால் வந்திருக்கு. உங்க பேர், பிறந்த தேதி, ஈமெயில் எல்லாம் சரியாச் சொல்லியிருக்கீங்க. ‘ரொம்பத் தெளிவாப் பேசினாங்க’ன்னு இங்க குறிப்புகூட இருக்கு.”

“சரி, எங்கம்மா டிக்கெட்? அது என்னாச்சு?”

“அது இப்ப வேற புக்கிங். அந்த நம்பரைச் சொன்னீங்கன்னாப் பார்த்துச் சொல்றேன்.”

“என்கிட்ட அந்த நம்பர் இல்லை.”

“உங்ககிட்டத்தான் மேடம் கொடுத்தோம்.”

போனை வைத்த பிறகு பெரியவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நேற்று ஒன்பது பத்துக்கு அவள் இதே நாற்காலியில், ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவரின் இடது காதுக்குச் சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தாள். தம்பி ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்தது, மணி அடித்தால்கூடத் தெரியாத ஒருத்தி.

அப்படியென்றால் யாரோ உள்ளே வந்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த டிக்கெட் தாளைப் பார்த்து, அந்த போனை எடுத்து, அவள் குரலில் பேசியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் அம்மா எதுவும் தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க.

வீட்டு எண்ணை அழுத்தினாள். எட்டு மாசமாகப் பகலில் அந்த எண்ணை அவள் கூப்பிட்டதே இல்லை. பதினொரு முறை அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும், அந்த மணிச் சத்தத்தை அங்கே யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

ஒரு மணிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. ஆறு கவுன்டர்களில் ஒன்றில் மட்டும் ஆள். கம்பளம் காலடிச் சத்தத்தை முழுங்கிவிட்டது. கூரையிலிருந்து ஓர் இயந்திரக் குரல் டோக்கன் எண்களைக் கூப்பிட்டது. இருநூற்று ஒன்பது. இருநூற்றுப் பத்து. யாரும் எழவில்லை. எழுவதற்கு அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தக் குரல் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு அவளுடையது.

“ஃப்ளைட்டை மாத்தினது நீங்க. இப்ப நான் மாத்தினேன்னு என்னையே சொல்றீங்க.”

கவுன்டரில் இருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. “நேத்துலேர்ந்து நூத்தம்பது பேர் என்னைத் திட்டியாச்சு மேடம். நீங்களும் திட்டிடுங்க. ஆனா ‘அது நான் இல்லை’ன்னு வந்து நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

“நான் இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது?”

“பதிவு பண்ணின பேச்சைப் போடுவோம். கேட்டுட்டு, இது என் குரல் இல்லைன்னு ஃபாரம்ல கையெழுத்துப் போடுங்க. புகாராப் போகும். அதுக்கப்புறம்தான் மேல இருக்கிறவங்க புக்கிங்கைத் திறப்பாங்க.”

அவள் ஒரு ஹெட்போனைத் தள்ளினாள். பதினாறு வருஷமாக எத்தனையோ தலைகளில் இதை மாட்டிவிட்டவள், இப்போது தானே மாட்டிக்கொண்டாள்.

முதல் வார்த்தையிலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் குரல்தான். அவள் பெயரைச் சொல்லி, அவள் பிறந்த தேதியைச் சொல்லி, அவளைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் இறங்கி. தான்தான் பேசிவிட்டு மறந்துவிட்டோமோ என்று சில வினாடிகள் நிஜமாகவே பயந்தாள்.

“டிக்கெட் நம்பர் சொல்லுங்க மேடம்.”

“ரெண்டு ரெண்டாச் சொல்றேன், எழுதிக்கங்க. ரெட்டை ஏழு. நாலு ஒண்ணு. ரெட்டை சைபர்…”

பெரியவள் அப்படிச் சொல்ல மாட்டாள். உலகத்தில் அப்படிச் சொல்லும் ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும்.

“கொஞ்சம் காத்திருக்க முடியுமா?”

“லைன்ல இருக்கேன். நீங்க பாருங்க.”

நாற்பது வினாடி. மூச்சு மட்டும். அந்தப் பக்கத்தில் ஏஜென்ட் ஒலிவாங்கியை விட்டுத் திரும்பி, பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாக ஏதோ சொன்னது இலை உரசுவதுபோல் கேட்டது: “இந்தம்மா ரொம்பப் பொறுமை.”

“பொறுமை இல்லைம்மா,” என்று உடனே சிரித்தது அந்தக் குரல். “பழக்கம்.”

பெரியவள் தன்னையறியாமல் கணக்குப் போட்டாள். அந்த ரகசியம் இருபது டெசிபல் இருக்கும். நல்ல காதுக்கே எட்டுவது சிரமம்.

எட்டு மாசத்துக்கு முன் அம்மாவைக் கூண்டில் உட்காரவைத்துச் சோதித்தது அவள்தான். ஒவ்வொரு சத்தமாகக் கூட்டிக்கொண்டே போனாள். விளக்கு எரியவேயில்லை. வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். பாசாங்கைப் பிடிக்கத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. அம்மா என்பதால் செய்யவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் பட்டனோடு.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான், சமையலறையில் வைத்து, ஒன்பது வருஷத்து ரகசியத்தைத் தம்பியிடம் சொன்னாள். “மெதுவாப் பேசு, அம்மா உள்ள இருக்கா” என்று அவன் சொன்னான். “தூங்குறா” என்று இவள் சொன்னாள்.

அப்புறம் எட்டு மாசம் மெதுவாகப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட, அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அதே மேசையில். ஆபரேஷன் பற்றி. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னது பற்றி. அம்மாவின் விரல்கள் ஒரு கணம்கூட நின்றதாக ஞாபகம் இல்லை.

ஹெட்போனில் குரல் தொடர்ந்தது. “அம்மாவுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு இருபதுக்குப் போறதுல ஒரு சீட் போட்டுடுங்க. ஃப்ளைட்டை மாத்தினது நீங்கதானே, உங்க கூட்டு நிறுவனத்து ஃப்ளைட்லயும் கொடுக்கலாம்னு உங்க மெயில்லயே இருக்கு. இன்னொரு டிக்கெட் வேண்டாம். ரத்து பண்ணிடுங்க.”

“வயசானவங்க, தனியாச் சமாளிச்சுப்பாங்களா மேடம்?”

“சமாளிச்சுப்பா,” என்றது அவள் குரல். “அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.”

பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆகப் பத்து நிமிஷம்.

“நீங்க இல்லைதானே?” கவுன்டர் பெண் பேனாவை நீட்டினாள்.

“எங்க வீட்டுலதான் பேசியிருக்காங்க. ஃபாரம் வேண்டாம்.”

படிகளில் இறங்கும்போதே தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வேலை பார்க்கும் கட்டடத்திலிருந்து வீடு பக்கம்தான். கால் மணி நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். இம்முறை குழிக்குள்ளிருந்து இல்லை. அவர்கள் வீட்டு அறைக்குள்ளிருந்து பேசினான். ஆனாலும் எதிரொலித்தது.

“அம்மா இல்லைக்கா. பீரோவுல பாஸ்போர்ட் இல்லை. சின்னப் பெட்டி இல்லை. வீட்டைப் பெருக்கி வெச்சிருக்கா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“ஏதாவது எழுதி வெச்சிருக்காளா?”

“நோட்டு மட்டும் மேசைமேல இருக்கு. புதுசா எதுவும் எழுதலை. எல்லாம் உன் எழுத்துதான்.” தாள்கள் புரளும் சத்தம். “ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல டிக் போட்டிருக்கு. ஸ்கூல் டீச்சர் மாதிரி. சிலதுக்குப் போடலை.”

“எதுக்குப் போடலை?”

மறுபடி தாள்கள் புரண்டன.

“‘சின்னவளிடமிருந்து வேறு தகவல் இல்லை.’ இதுக்கு இல்லை. ‘லேசான காய்ச்சல்தானாம்.’ இதுக்கு இல்லை. ‘விமானம் புதன்கிழமைதான், மாற்றமில்லை.’ இதுக்கும் இல்லை.” அவன் குரல் தாழ்ந்தது. “அக்கா, எட்டு மாசமா நம்ம பக்கத்துல உட்கார்ந்து திருத்திட்டிருந்திருக்கா.”

டாக்ஸி விமான நிலையத்தை அடைந்தபோது மூன்று மணி. வாசல் காவலர் கை நீட்டினார்.

“டிக்கெட்?”

“ரத்தாயிடுச்சு.”

“அப்ப இப்படி ஓரமா நின்னு பாருங்க.”

கண்ணாடிச் சுவர் ஓரமாக நடந்தாள். உள்ளே நூறு பேர் நடந்தார்கள், பெட்டிகள் உருண்டன, ஒரு குழந்தை வாயை அகலமாகத் திறந்து அழுதது. வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

அம்மா நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மடியில் சின்னப் பெட்டி. அவளுக்குப் பின்னாலிருந்து ஊழியர் ஒருவர் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா திரும்பாமலேயே பதில் சொன்னாள். அவர் சிரித்தார். எட்டு மாசமாக அம்மா யாரையும் சிரிக்கவைத்துப் பெரியவள் பார்த்ததில்லை.

பிறகு அம்மா மெல்லத் தலையைத் திருப்பி, அத்தனை கூட்டத்தில் நேராக அவளைப் பார்த்தாள். எங்கே நிற்பாள் என்று முன்பே தெரிந்திருந்ததுபோல. பையிலிருந்து தன் பழைய மடக்கு போனை எடுத்தாள்.

பெரியவள் கையில் மணி அடித்தது.

“வெயில்ல ஏன் நிக்கிறே? தள்ளி நில்லு.”

தன் குரலே தன்னிடம் பேசுவதுபோல் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அம்மாவின் உதடுகள் அசைந்த பிறகுதான் வார்த்தைகள் வந்து சேர்ந்தன.

“கேக்குதாம்மா உனக்கு?”

“கேக்குது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.” அம்மா பெட்டியின் பிடியைச் சரிசெய்தாள். “உன் டிக்கெட் பணம் பத்து நாள்ல வந்துடும்னாங்க. உன் கணக்குக்கே.”

“அம்மா, நானும் வரேன். நாளைக்கு எந்த ஃப்ளைட் கிடைச்சாலும் ஏறி வந்துடறேன். நீ தனியா அவளைப் பார்க்க வேண்டாம். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. நானே சொல்லிடறேன்.”

“ஒன்பது வருஷம் இருந்துச்சே.”

அம்மா காத்திருந்தாள்.

“நேத்து அவகிட்டப் பேசினேன்,” என்றாள் பிறகு. “மாப்பிள்ளையோட கடுதாசியில நீ எனக்குக் காட்டாத பக்கத்துல நம்பர் இருந்துச்சு.”

“என்ன சொன்னா?”

“‘அம்மா பேசுறேன்’னேன். நம்பலை. கொஞ்ச நேரம் மூச்சுதான் வந்துச்சு. அப்புறம் ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா அக்கா’ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா.”

உள்ளே ஒரு பலகையில் எழுத்துகள் சத்தமில்லாமல் மாறின. கூட்டத்தில் பாதி எழுந்தது.

‘மறுபடியும்.’ பெரியவள் கண்ணாடியில் கையை ஊன்றினாள். அப்படியானால் அன்றைக்கு, அந்த மத்தியானமே, சின்னவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேசியது யார் என்று தெரிந்தேதான் போனை வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷமாகப் பொத்திவைத்த பொய் யாரையும் ஏமாற்றவேயில்லை.

“தெரிஞ்சுக்கிட்டே ஏன்மா அவ திரும்பக் கூப்பிடலை? உன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“அதைத்தான் கேக்கப் போறேன். போன்ல கேட்டா நீன்னு நினைச்சுப்பா. முகத்தைப் பார்த்துத்தான் கேக்கணும். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

அம்மா எழுந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்து மடக்காமல், அப்படியே கம்பளிச் சட்டையின் மேல்பையில் வைத்துக்கொண்டாள். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. பெரியவளுக்குத் துணி உரசும் சத்தம் கேட்டது, அதற்குக் கீழே ஓர் இதயம், பிறகு காலடிகள். அம்மா தூணுக்குப் பின்னால் மறைந்தும் காலடிகள் நிற்கவில்லை. யாரோ “தனியாவாம்மா போறீங்க?” என்றார்கள். “தனியாத்தான்” என்றது, அவர்கள் மூவருடைய அந்தக் குரல்.

வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கை வரவில்லை. சோதனைத் தட்டில் போன் வைக்கப்பட்ட சத்தம். வெகுநேரக் காத்திருப்பு. நடைபாதை. படி. ஒரு குறுகிய இடத்தின் அடைத்த அமைதி. இருக்கை வார் பூட்டிய ‘க்ளிக்’. பெரியவள் ஓரமாக, மூச்சை அடக்கிக்கொண்டு, எட்டு மாசம் ஒருத்தி எப்படிக் கேட்டிருப்பாளோ அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“மேடம், போனை அணைச்சுடுங்க. கிளம்பப் போறோம்.”

“ஒரு நிமிஷம்மா,” என்றாள் அம்மா, மிக அருகில். “என் பொண்ணு கேட்டுட்டிருக்கா. கேக்கட்டும்.”

அதன்பிறகு அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த ஒரு நிமிஷம் முழுவதும் அவளுடைய மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு போன் அணைந்து, அதுவும் நின்றது.